முனியாண்டி சூலமும் பதினான்கு கோடுகளும்

பெக்கான் நானாஸ்
3 ஜூன் 2024

என் அக்கா அங்கம்மாவுக்கு,

இதை எழுதுவது உங்கள் தம்பி செல்லப்பன். யாரும் எழுதித் தரவில்லை. என் கையால் நானே எழுதுகிறேன். இந்த நான்கு வரி முடிவதற்குள் ஒரு கோப்பை தேநீர் ஆறிவிட்டது.

போன தீபாவளிக்குப் பிறகு எங்கள் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை மாலைகளில் நடக்கிறது. பிரவீனா என்ற பெண் சொல்லிக்கொடுக்கிறார். மற்ற நாட்களில் அவருக்குத் தொழிற்சாலையில் வேலை. "இந்த வயசுல சிலேட்டாப்பா?" என்று என் மகள் மலர் சிரித்தாள். சிலேட்டு இல்லை, நோட்டுப் புத்தகம் என்றேன். இப்போது எதைக் கண்டாலும் படிக்கிறேன். மசாலாப் பாக்கெட், நாட்காட்டி, கோயில் சுவரில் உபயதாரர் பெயர்கள். பத்திரிகையில் மரண அறிவிப்புகளை முதலில் படிக்கிறேன். எழுத்து பெரிதாக இருக்கும். நம் தோட்டத்து ஆட்கள் மூன்று பேரை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைக் கீழே வைத்தாலும் அது மேசை மேலேயே இருக்கும். மறுநாள் எடுத்துப் படிக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான் வைத்திருக்கிறேன். ரெங்கத்துப் பதினெட்டாம் கட்டை ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். சிங்கப்பூர் பாலத்தைக்கூடத் தாண்டாதவன். ஆனால் தாளில் நான் இங்கே தங்கியிருப்பவன், குடிமகன் இல்லை. அப்பா எனக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டுவிட்டார். அத்தான் ரயில்வேயில் இருந்ததால் உங்களுக்காக அலைந்து குடிமக்களுக்கான நீல அட்டை வாங்கித் தந்தார். எனக்கு அலைய ஆள் இல்லை. ஓட்டுப் போடும் நாளில் இந்தத் தெருவே விரலில் மையோடு திரும்பி வரும். என் விரலில் இதுவரை பட்டதெல்லாம் கைநாட்டு மைதான். சாவதற்கு முன்னால் அந்த இன்னொரு மையை ஒரு தடவை வைத்துக்கொள்ள வேண்டும், அக்கா.

குடியுரிமைக்கு மனு போட்டிருக்கிறேன். ஆகஸ்ட் 20ஆம் தேதி ஜொகூர் பாருவில் நேர்காணல். மலேசிய நாட்டைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். பிரவீனா ஒரு பொது அறிவுப் புத்தகம் கொடுத்திருக்கிறார். நூறு கேள்விகள். கொடியில் எத்தனை கோடு தெரியுமா? பதினான்கு. பதின்மூன்று மாநிலத்துக்குப் பதின்மூன்று, மத்திய அரசுக்கு ஒன்று. அறுபது வருடமாக அந்தக் கொடியைப் பார்க்கிறேன். எண்ணிப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொன்னார்கள். நான் இங்கேதான் பிறந்தேன் என்று நேரில் தெரிந்த மூத்தவர் ஒருவர் வந்து சொன்னால் நல்லதாம். அப்படித் தெரிந்தவர்களில் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். அவர் பதினொரு வருடமாக என்னோடு பேசுவதில்லை.

இதை எழுத இரண்டு நாள் ஆனது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்லப்பன்


ரெங்கம்
12 ஜூன் 2024

செல்லப்பனுக்கு,

கடிதம் வந்தது. நீ எழுதினாய் என்பதை நான் நம்பவில்லை. வாத்தியார் காதைத் திருகினார் என்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டாம் நாளே ஓடிப்போய்ப் பால் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்தவன் நீ. தேடிப் பிடித்தது நான். அதற்கப்புறம் நீ அந்தப் பக்கமே போகவில்லை. நான் ஆறாம் வகுப்பு வரைக்கும் போனேன். அதைச் சொல்லியே என்னை "டீச்சரம்மா" என்று கேலி செய்தாய்.

அதிலும் கடிதம் முழுக்க "நீங்கள்" என்று இருக்கிறது. என்னை நீ எப்போது அப்படிக் கூப்பிட்டாய்? மரத்து மேல் உட்கார்ந்துகொண்டு "ஏய் அங்கம்மா, ரொட்டியத் தூக்கிப் போடு" என்று கத்தினவன். எழுத்து படித்தால் மரியாதையும் சேர்ந்து வருமா?

உண்மையிலேயே நீ எழுதுகிறாய் என்றால் இதற்குப் பதில் எழுது. அன்றைக்குப் பால் கொட்டகைக்குப் பின்னால் உன் அழுகையை நிறுத்த நான் என்ன கொடுத்தேன்? மலரிடம் கேட்காதே, அவளுக்குத் தெரியாது.

சாட்சி கேட்கிறாய். 2013இல் தோட்டத்தை விற்று, நாம் குடியிருந்த லயத்தை இடிக்க நாள் குறித்தார்கள். நம் லயத்துக்குப் பின்னால் அப்பா ஊன்றிய முனியாண்டி சூலத்துக்குக் கடைசியாக ஒரு படையல் போட்டுவிட்டு எடுக்கலாம் என்று பேசினோம். நீதான் நாள் சொன்னாய். நான் மஞ்சள் தண்ணீர், சிவப்புத் துணி, சுருட்டு, கறுப்பு பீர் எல்லாம் எடுத்துக்கொண்டு டாக்சி கிடைக்காமல் பாதி தூரம் நடந்து வந்தேன். அங்கே குழிதான் இருந்தது. இரண்டு நாள் முன்னாலேயே நீ பெயர்த்துக்கொண்டு போயிருந்தாய். வந்ததற்கு அந்தக் குழிக்குச் சூடம் காட்டிவிட்டுத் திரும்பினேன்.

சாட்சியை அந்தக் குழியிடம் போய்க் கேள்.

அங்கம்மா


பெக்கான் நானாஸ்
20 ஜூன் 2024

அக்கா,

பாதி பிஸ்கட். மற்ற பாதியை வரும் வழியிலேயே நீ தின்றுவிட்டாய். உன் வாயில் தூள் ஒட்டியிருந்தது. இப்போது நம்புகிறாயா?

"நீங்கள்" என்று எழுதச் சொன்னது பிரவீனா. மூத்தவர்களுக்கு அப்படித்தான் எழுத வேண்டுமாம். எனக்கும் எழுதும்போது யாரோ மேனேஜர் வீட்டம்மாவுக்கு எழுதுவதுபோல இருந்தது. விட்டுவிட்டேன்.

புத்தகத்தில் முப்பது கேள்வி முடித்துவிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. மலர் "ஆமாப்பா, ஆமாப்பா" என்று சொல்லிக்கொண்டே மீன் கழுவுகிறாள். உன்னிடம் சொல்கிறேன். நாம் பால் வெட்டிய ரப்பர் மரம் இந்த நாட்டு மரமே இல்லையாம். பிரேசில் என்ற நாட்டின் விதை. அங்கிருந்து லண்டனுக்குப் போய், அங்கே முளைத்து, 1877இல் இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூருக்குக் கப்பலில் வந்தன. முப்பது வருடம் அதன் பட்டையைச் சீவினேன். ஒரு மரமும் என்னிடம் சொல்லவில்லை. எங்கள் ஊர் அன்னாசியும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். செம்பனை ஆப்பிரிக்கா. தேசிய மலர் செம்பருத்தி இருக்கிறதே, அதையும் அந்தக் காலத்து வியாபாரிகள்தான் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று எழுதியிருக்கிறது.

சொந்த ஊர்ப் பூ என்றால் ரஃப்ளேசியா. உலகத்திலேயே பெரிய பூ. இலை இல்லை, தண்டு இல்லை. செத்த எலி நாற்றம் வருமாம். அதைத் தேசிய மலராக வைக்காமல் விட்டது நல்லதுதான்.

சூலம் விஷயம். நாளைக்கே இயந்திரம் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். அவசரத்தில் எடுத்துவிட்டேன். சொல்ல நேரம் இல்லை. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி வருவாயா?

செல்லப்பன்


ரெங்கம்
2 ஜூலை 2024

செல்லப்பா,

பிஸ்கட் சரி. நீதான் எழுதுகிறாய். எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. உன் கடிதத்தை ஜீவனிடம் காட்டினேன். "மாமா எழுதினதா, அலமாக்" என்றார். மருமகன் அவ்வளவு ஆச்சரியப்பட்டு நான் பார்த்ததில்லை.

ரப்பர் வெளியூர், அன்னாசி வெளியூர், செம்பருத்தியும் வெளியூர். அதுக்கெல்லாம் எந்த அலுவலகத்தில் நீல அட்டை கொடுத்தார்கள்? அதெல்லாம் சாட்சி கூட்டிக்கொண்டா போனது?

கொடியைப் பற்றிப் பாதிதான் சொன்னாய். நட்சத்திரத்துக்கும் பதினான்கு முனை. என் வீட்டுத் தொலைக்காட்சியிலும் கேள்வி பதில் நிகழ்ச்சி வருகிறது. நீ மட்டும்தான் அறிவாளி என்று நினைக்காதே. நான் ஒன்று கேட்கிறேன். நாட்டில் உயரமான மலை எது, எத்தனை மீட்டர்? மீட்டரையும் சேர்த்து எழுது.

அவசரத்தில் எடுத்தாய் என்கிறாய். இயந்திரம் வந்தது வெள்ளிக்கிழமை. நீ எடுத்தது புதன்கிழமை. அது போகட்டும். நான் உன் வீட்டுக்கே வந்து கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? உன் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. "வேற வீட்டுக்குப் போனவளுக்கு எங்க சாமியில என்ன பங்கு?" என்று கேட்டாய். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே திரும்பினேன்.

சூலம் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. இந்த வார்த்தையைத்தான் பதினொரு வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

சரி, நீ சொன்னபடியே இருக்கட்டும். வேறு வீட்டுக்குப் போனவள் உன் பிறப்புக்கு எப்படிச் சாட்சி சொல்வாள்? உங்கள் வீட்டு ஆளாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ.

அங்கம்மா


பெக்கான் நானாஸ்
15 ஜூலை 2024

அக்கா,

கினபாலு. நாலாயிரத்துத் தொண்ணூற்று ஐந்து மீட்டர்.

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். வாயால் சொல்வது சுலபம். சொன்னது காற்றில் போய்விடும், இல்லையென்றால் சொல்லவே இல்லை என்று சாதிக்கலாம். எழுதினால் அங்கேயே நிற்கிறது. என்னைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. அதனால் நேராக எழுதுகிறேன்.

இயந்திரம் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. நீ முந்திக்கொண்டு எடுத்துவிடுவாயோ என்றுதான் புதன்கிழமையே போனேன். தெருவில் வைத்து உன்னைச் சொன்ன வார்த்தை தப்பு. சொல்லும்போதே தெரிந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பின்வாங்க வெட்கமாக இருந்தது. அப்புறம் வெட்கம் பழகிவிட்டது. என்னை மன்னித்துக்கொள். இதை இப்படி எழுத்தில் வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

இப்போது நாற்பத்தேழாவது கேள்வியைச் சொல்ல வேண்டும். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இந்த நாட்டில் ஒன்பது மாநிலங்களுக்கு அரசர்கள் உண்டு. ஒன்பது பேரும் சிம்மாசனத்துக்கு உரிமை உள்ளவர்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஐந்து வருடம் மாமன்னராக இருப்பார். முடிந்ததும் அடுத்தவர். இந்த வருடம் ஜனவரியிலிருந்து நம் ஜொகூரின் முறை. மற்ற எட்டுப் பேரும் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். யாரும் ராத்திரியோடு ராத்திரியாகச் சிம்மாசனத்தைப் பெயர்த்துக்கொண்டு ஓடியதாகப் புத்தகத்தில் இல்லை.

ஒரு நாட்டையே முறை வைத்து ஆள முடிகிறது. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு சூலம். முனியாண்டியும் முறை வைத்து இருக்கட்டும். இனி உன் முறை. ஐந்து வருடம் நமக்கு நீளம். எனக்கு எழுபத்து நான்கு, உனக்கு எண்பது. வருடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீ சாட்சிக்கு வந்தாலும் வராவிட்டாலும் இதுதான் ஏற்பாடு. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடவில்லை.

செல்லப்பன்


பெக்கான் நானாஸ்
8 ஆகஸ்ட் 2024

அக்கா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் என் வீட்டைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டுகிறார். கேட்டுக் கேட்டு அவருக்கும் சலித்துவிட்டது.

நூறு கேள்வியும் முடித்துவிட்டேன். இருபதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு மலர் என்னைக் கூட்டிப்போகிறாள். தனியாகத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். பரவாயில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

செல்லப்பன்


பெக்கான் நானாஸ்
23 ஆகஸ்ட் 2024

அக்கா,

எட்டரை மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தால், முதல் வரிசை நாற்காலியில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருக்கிறாய். நீ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சட்டைப் பித்தான் ஒண்ணு விட்டுப் போட்டுருக்க" என்றாய். பதினொரு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு அது. நான் பித்தானைச் சரிசெய்து முடிப்பதற்குள் என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும், உன்னைக் கூட்டி வந்த ஜீவனுக்கு இரண்டு மணிக்கு வேலை என்று நீ கிளம்பிவிட்டாய். அதனால் உன்னை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

அதிகாரி ஒரு மலாய்ப் பெண். மலர் வயதுதான் இருக்கும். "உட்காருங்க பாக்சிக்" என்று மலாயில் மாமா முறை சொல்லி மரியாதையாகச் சொன்னார். கொடியில் எத்தனை கோடு என்று கேட்டார். பதினான்கு என்றேன், நட்சத்திரத்தின் முனையையும் நானே சேர்த்துச் சொன்னேன். உன் தயவு. தேசிய மலர் என்ன என்றார். பூங்கா ராயா என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். என் வாய் நிற்கவில்லை. அது எங்கிருந்து வந்தது, ரஃப்ளேசியா எப்படி நாறும், பிரேசில், லண்டன், இருபத்திரண்டு கன்று, கப்பல், எல்லாம் வந்துவிட்டது. என் மலாய் தோட்டத்து மலாய். அதிலேயே அடித்து விட்டேன். அந்தப் பெண் கையைத் தூக்கி "சுக்குப் பாக்சிக், சுக்குப்" என்றார். போதும் என்று சொன்னாலும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இன்னும் தொண்ணூற்றெட்டு இருக்கிறது என்றேன்.

அப்புறம் கோப்பைத் திறந்தார். பழைய தாள் ஒன்று இருந்தது. 2015இல் ஒரு தடவை மனு போட்டுப் பாதியில் விட்டிருந்தேன். எங்கள் கோயில் செயலாளர் யுகேந்திரன் எழுதிக் கொடுத்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதில் உடன்பிறந்தவர் யாரும் இல்லை என்று இருக்கிறது. கீழே உங்கள் கைநாட்டு இருக்கிறது. இப்போது அக்காவைச் சாட்சி என்கிறீர்கள். வெளியே இருப்பவர் யார்?"

யுகேந்திரன் மேல் தப்பில்லை. கூடப் பிறந்தவங்க யாருங்கய்யா என்று அவர் கேட்டபோது, "யாரும் இல்லன்னு போடுப்பா" என்று சொன்னது நான்தான். அன்றைக்கு அந்தக் கோபம். அது பதிவாகி ஒன்பது வருடம் அங்கே உட்கார்ந்திருக்கும் என்று தெரியாது. கினபாலு எத்தனை மீட்டர் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இதற்குப் பதில் என் புத்தகத்தில் இல்லை.

கடைசியில், "அக்காதான். சண்டை" என்றேன். எத்தனை வருடம் என்று கேட்டார். பதினொன்று என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அவரைக் கூப்பிடுங்கள்" என்றார். மிச்சம் உனக்குத் தெரியும்.

நீ வெளியே போன பிறகு ஒன்று நடந்தது. கைநாட்டுக்கு மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். "பேனா வேணும்" என்றேன். என் பெயரை முழுதாகத் தமிழில் எழுதினேன். ஒரு எழுத்தும் விடவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆள் கதவைத் தட்டினார். அந்தப் பெண், "அவசரம் இல்லை பாக்சிக்" என்றார்.

முடிவைத் தபாலில் சொல்வார்களாம். மாதக் கணக்கில் ஆகலாம். அக்கா, அந்தத் தாளில் உன்னை இல்லை என்று சொன்னதற்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

செல்லப்பன்


ரெங்கம்
1 செப்டம்பர் 2024

செல்லப்பா,

உன் ஜூலைக் கடிதத்துக்கு வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. வருகிறேன் என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து என் வீட்டு வாசலில் அழுதுகொண்டு நிற்பாய். எண்பது வயதில் எனக்கு அந்தக் காட்சி வேண்டாம்.

உள்ளே வந்ததும் அந்தப் பெண் என்னிடம் கேட்டது இதுதான்: "மக்சிக், இந்தத் தாளில் இவருக்கு யாருமே இல்லை. நீங்கள் யார்?" அதைக் கேட்டதும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. உன்னைப் பார்த்தேன். பால் கொட்டகைக்குப் பின்னால் குந்தியிருந்தாயே, அதே முகம். உட்கார்ந்தேன். "இவன் என் தம்பி. இல்லைன்னு சொன்னா இல்லாமப் போயிருவேனா?" என்று மலாயில் சொன்னேன்.

அப்புறம் நீ பிறந்த நாளைச் சொன்னேன். கம்யூனிஸ்ட் கலகக் காலம், லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. பக்கத்து மலாய்க் கம்பத்தின் கிராம மருத்துவச்சி மக் லீமாவைக் காவல்காரன் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டான். உள்ளே அம்மா கத்துகிறாள். அப்பா ஆறு வயதுப் பிள்ளையான என்னைக் கேட்டுக்கு ஓடச் சொன்னார். நான் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் காவல்காரனே பயந்து கேட்டைத் திறந்துவிட்டான். நீ பிறந்த மூன்றாம் நாள் அப்பா லயத்துக்குப் பின்னால் சூலம் ஊன்றினார். அவர் மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வரைக்கும் சாயாமல் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அந்தச் சாமியில் எனக்கு என்ன பங்கு என்று கேட்டாயே. அதுதான் பங்கு.

அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில் ஒன்றும் தெரியாமல், "அந்தச் சூலம் இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டாரே, அப்போது நீ முழித்த முழியை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். நீயாகச் சொல் என்று இருந்தேன். "இப்ப என் வீட்டுல. அடுத்த மாசத்துலேருந்து அக்கா வீட்டுல" என்றாய். அவர் அதையும் எழுதினார். ஆகவே அது அரசாங்கப் பதிவில் ஏறிவிட்டது. இனி மாற்ற முடியாது.

தாளில் என்னை இல்லை என்று போட்டதற்காக ரொம்ப உருகாதே. நான்கு வருடம் முன்னால் மூட்டு வலிக்காக மருத்துவமனைக்குப் போனபோது ஒரு தாதி, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டாள். "ஒரு தம்பி. செத்துட்டான்" என்றேன். எதனால் என்று கேட்டாள். மரத்திலிருந்து விழுந்து என்றேன். நீயாவது என்னை இல்லை என்றுதான் சொன்னாய். நான் உன்னைக் கொன்றே விட்டேன்.

இப்போது உன் அரசர்கள் கணக்குக்கு வருகிறேன். ஒன்பது மாநிலத்தைச் சொன்னாய். மிச்சம் நான்கை ஏன் மறைத்தாய்? பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக். அங்கே ஆளுநர்தான், அவர்களுக்குச் சிம்மாசனத்தில் முறை கிடையாது. பதினொரு வருடமாக நீ ஜொகூர், நான் பினாங்கு என்று வைத்திருந்தாய். அது முடிந்தது.

வருடத்துக்கு ஒரு முறை என்பதெல்லாம் கிடையாது. ஐந்து வருடம் என்றால் ஐந்து வருடம். நாட்டுக்கு ஒரு சட்டம் முனியாண்டிக்கு ஒரு சட்டமா? செப்டம்பர் 16, மலேசிய தினம், எல்லாருக்கும் விடுமுறை. அன்றைக்குக் கொண்டு வா. கோழி நான் பார்த்துக்கொள்கிறேன். சுருட்டும் பீரும் உன் பொறுப்பு.

அக்கா


பெக்கான் நானாஸ்
25 செப்டம்பர் 2024

அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உன் கோழிக்குழம்பு இன்னும் மலர் காரில் மணக்கிறது. கொஞ்சம் சிந்திவிட்டதாம்.

சூலத்தை ஊன்றியபோது நீ, "டேய், நேராப் பிடிடா, சாயுது" என்று என்னை அதட்டினாய். எழுபத்து நான்கு வருடத்துக்கு முன்னால் நீ பார்த்த வேலையை இப்போது நான் பார்த்தேன். உன்னையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் சாய்ந்தது. அது வயதால் என்று நீ நினைத்தாய். இருக்கட்டும்.

மறுநாள் காலையில் பழக்கத்தில் குளித்துவிட்டுச் சூடத்தோடு வாசலுக்குப் போனேன். அங்கே குழிதான் இருந்தது. கையில் சூடம் எரிகிறது, அணைக்கவும் மனம் வரவில்லை. குழிக்கே காட்டினேன். மலர் ஜன்னலிலிருந்து, "யாருக்குப்பா காட்டுறீங்க?" என்று கேட்டாள். உன் அத்தைக்கு என்றேன்.

அப்படித்தான் இருந்ததா, அக்கா, அன்றைக்கு உனக்கு?

செல்லப்பன்


ரெங்கம்
9 அக்டோபர் 2024

செல்லப்பா,

அப்படித்தான் இருந்தது. ஆனால் உனக்கு எங்கே போனது என்று தெரியும். எனக்குத் தெரியாது. அதுதான் வித்தியாசம்.

முனியாண்டி நன்றாக இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பூனை அவர் காலடியில்தான் தூங்குகிறது. விரட்டினால் போகவில்லை, விட்டுவிட்டேன். கடிதம் எழுதுவதை நிறுத்திவிடாதே. தொலைபேசியில் நீ ரொம்ப நேரம் பேசுவாய். கடிதத்தில் கை வலித்து நிறுத்திவிடுவாய்.

அக்கா


பெக்கான் நானாஸ்
14 ஜூலை 2025

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று முன்தினம் மாலை முழுக்க இந்தக் கடிதத்தின் முதல் வரியை யோசித்தேன். தோன்றியதெல்லாம் பெரிய பெரிய வரியாக இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அட்டை வந்துவிட்டது. நீல அட்டை.

தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். காலையில் எடுத்துப் பார்த்தேன், நீலமாகவேதான் இருந்தது. பிரவீனாவிடம் காட்டினேன். எழுத்து வகுப்பில் ஏழு பேரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். போட்டோவில் நான் சிரிக்கவில்லை, சிரிக்கக் கூடாது என்றார்கள். அதனால் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் சிரித்துக்கொண்டேன். இன்னும் தேர்தல் வரவில்லை. வந்ததும் விரலில் மை வைத்துக்கொண்டு நேராக ரெங்கத்துக்குத்தான் வருவேன். ஒரு வாரத்துக்குக் கை கழுவமாட்டேன். நீ ஊட்டிவிட வேண்டியிருக்கும்.

நீ சொன்ன ஐந்து வருடக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 2029 செப்டம்பர் 16 என் முறை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை. மலர் கைத்தொலைபேசியில் பார்த்துச் சொன்னாள். அப்போது எனக்கு எழுபத்தொன்பது, உனக்கு எண்பத்தைந்து. காலை எட்டு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வேன். மறுபடி 2034இல் நீ வந்து எடுத்துப்போக வேண்டும். அப்போது உனக்குத் தொண்ணூறு. முறை என்றால் முறைதான், உடம்பு முடியவில்லை என்றெல்லாம் சொல்லக் கூடாது. சட்டம் போட்டது நீ.

வாசலில் அந்தக் குழியை மூடவில்லை. மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வரும், அபராதம் போடுவார்கள் என்று மலர் தினமும் சத்தம் போட்டாள். அதனால் ஒரு செம்பருத்தித் தொட்டியை அதற்குள் இறக்கி வைத்திருக்கிறேன். நட்டுவிடவில்லை, தொட்டியோடுதான் இருக்கிறது. தூக்கினால் வந்துவிடும்.

தம்பி செல்லப்பன்